கிழங்கும் மீனும் நரம்பணுவும்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே பதினாறு கிலோமீட்டர் அளவில் அமைந்துள்ள விழிஞ்ஞம், பண்டு ஆய் மன்னர்களின் துறைமுகமாக விளங்கியது. 2025-ஆம் ஆண்டு மே மாதம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பன்னாட்டுச் சரக்குப் பெட்டகத் துறைமுகத்தால் இன்று அதன் பெயர் மீண்டும் பரவியுள்ளது. இவ்விரு காலங்களுக்கும் இடையே அது மீன்பிடி ஊராகவே வாழ்ந்தது, இன்றும் வாழ்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றால் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் ஒதுக்கிடமாக உதவும் விரிகுடா அவ்வூருக்கு வாய்த்துள்ளது. ஆகவே அக்காலத்தில் அண்டையூர் மீனவர்களும் தம் படகுகளுடன் அங்கு வந்து தொழில் செய்வர். பல துறைகளில் மீன் அருகிப்போகும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான பருவமே விழிஞ்ஞத்தில் மீன்வரத்து மிகும் பருவமாகும்.

அங்கு இறங்கும் நெத்திலியும் சாளையும் அயிலையும் நெடுங்காலமாகப் பெண்களின் தலைச்சுமையாக உள்நாட்டு ஊர்களுக்குச் சென்றன. அவ்வூர்களின் அடுப்பில் மீனுக்காகக் காத்திருந்தது ஒரு கிழங்கு. திருவனந்தபுரத்திலும் குமரி மாவட்டத்திலும் மரச்சீனி எனவும், மத்திய கேரளத்தில் கப்பை எனவும், சேலம் பகுதியில் மரவள்ளி அல்லது குச்சிக்கிழங்கு எனவும் வழங்கும் கிழங்கு அது. கிழங்கும் மீன்குழம்பும் சேர்ந்த உணவைச் சுவைக்காகவே எல்லோரும் போற்றுவர். ஆனால் இச்சேர்க்கையில் கிழங்கு வயிற்றை நிரப்புகிறது. மீன் நரம்பைக் காக்கிறது. இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் தட்டில் நின்றால் நரம்பணுக்களுக்கு என்ன நேரிடும் என்பது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய வினாவன்று. உணவுக் கொள்கையை வகுப்போரும் அறிந்திருக்க வேண்டியதாகும்.

கலோரிக் கணக்கும் புரதக் கணக்கும்

தென் அமெரிக்காவில் தோன்றிய மரவள்ளி, போர்த்துகீசியர் வழியாகக் கேரளத்தை அடைந்தது. அதை ஏழை மக்களின் உணவாகப் பரப்பிய பெருமை, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இராமவர்மாவைச் சாரும். நச்சுக் கிழங்கென மக்கள் அஞ்சியபோது அரண்மனையிலேயே அதைச் சமைத்து உண்டு காட்டினர் என்றொரு கதை வழங்குகிறது. கதை எவ்வாறாயினும், அச்சம் அடிப்படையற்றதன்று என்பதைப் பின்னர்க் காண்போம். 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி இறக்குமதி நின்றபோது, திருவிதாங்கூர் மக்களைப் பெரும்பட்டினியிலிருந்து காத்தவற்றுள் முதன்மையானது இக்கிழங்கே. 1970-களின் நடுப்பகுதியில் கேரளத்தில் மூன்று லட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் அது பயிராயிற்று. பின்னர் ரப்பரும் பிற பணப்பயிர்களும் அந்நிலத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டன. இன்று பழைய பரப்பில் கால்பங்கும் இல்லை.

பொருளியலாளர்களுக்கு இக்கிழங்கின் மீது எப்போதும் ஒரு பற்று உண்டு. மிகக் குறைந்த விலையில் மிகுந்த கலோரியைத் தரும் பயிர் இதைப் போன்று வேறொன்று காண்பதரிது. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையம் ஐக்கிய நாடுகள் அவைக்காகத் தயாரித்து 1975-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வும், கேரள ஏழைகளின் உணவைக் கணக்கிடும்போது மரச்சீனிக்கு உரிய இடத்தைத் தந்தது. அரிசியை மட்டும் எண்ணியவர்களுக்குக் கேரளம் பட்டினி மாநிலமாகத் தோன்றியது. கிழங்கையும் சேர்த்து எண்ணியபோது படம் மாறியது.

எனினும் கலோரியை வைத்து மட்டும் வரையப்பட்ட படத்தில் ஒரு குறை உண்டு. நூறு கிராம் பச்சைக் கிழங்கில் ஏறத்தாழ 157 கலோரியும் 0.7 கிராம் புரதமும் உள்ளன எனத் தேசிய உணவூட்ட நிறுவனத்தின் அட்டவணை கூறுகிறது. தீட்டிய பச்சரிசியில் 345 கலோரியும் 6.8 கிராம் புரதமும் உண்டு. ஓர் உழைப்பாளி 2,000 கலோரியை முழுவதும் அரிசியிலிருந்து பெறுவாராயின் 39 கிராம் அளவுக்குப் புரதம் அவருக்குக் கிட்டும். அதே கலோரியைக் கிழங்கிலிருந்தே பெறுவதானால், ஒன்றேகால் கிலோவுக்கு மேல் உண்ட பின்னரும் கிட்டும் புரதம் 9 கிராமே. 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு நாள்தோறும் 54 கிராம் தேவை என இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-இல் பரிந்துரைத்துள்ளது. கிழங்குடன் 150 கிராம் மீன் சேருமானால் ஏறத்தாழ 30 கிராம் புரதம் கூடுகிறது. வயிறு நிறைந்ததா என்று கேட்டால் மூன்று தட்டுகளுக்கும் ஒரே விடைதான். நரம்பணுவின் விடை அவ்வாறன்று.

நரம்பணுவின் நெடும்பாதை

நரம்பணுவின் தனித்தன்மை அதன் நீளம். இடுப்பளவில் தண்டுவடத்தில் அமைந்துள்ள இயக்க நரம்பணுவின் உடல், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இராது. அதிலிருந்து புறப்படும் நரம்பிழையோ கால் தசைகளை எட்டும்வரை ஒரு மீட்டரளவு நீள்கிறது. அவ்விழைக்குத் தேவையான புரதங்களில் மிகப்பெரும்பகுதி அணுவின் உடலிலேயே உருவாகி இழை வழியே அனுப்பப்படுகிறது. ஒரேயொரு தொழிற்சாலையிலிருந்து ஒரு நெடிய இருப்புப்பாதைக்கான தண்டவாளம், கட்டை, ஆணி அனைத்தும் அப்பாதை வழியாகவே சென்று சேர வேண்டும் என்றால் எப்படியோ, அப்படிப்பட்ட ஏற்பாடு இது. இதில் விரைவு வண்டியும் உண்டு, சரக்கு வண்டியும் உண்டு. சில பொருள்கள் நாளொன்றுக்கு 400 மில்லிமீட்டர் வரை விரைகின்றன. இழையின் சட்டகமாக அமையும் புரதங்கள் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில்தான் நகர்கின்றன. இவ்வேகத்தில், இன்று இடுப்பளவில் உருவாகும் ஒரு சட்டகப் புரதம் இழையின் கடைக்கோடியை எட்ட மூன்றாண்டுகளை நெருங்கும். நரம்புக் கோளாறுகள் பலவும் முதலில் பாதங்களில் தோன்றுவதற்கு இந்நீளமே முக்கியக் காரணம்.

இங்குப் புரதச் சிதைவு என்னும் சொல்லை விளக்குதல் வேண்டும். சிதைவென்றதும் தீங்கெனக் கொள்வது பிழை. நலமான நரம்பணுவில் புரதங்கள் இடைவிடாது உருவாகின்றன. பழுதுற்றவை இடைவிடாது உடைக்கவும் படுகின்றன. கழிக்க வேண்டிய புரதத்தின்மீது யுபிகுவிட்டின் என்னும் சிறு புரதம் அடையாளச் சீட்டுப்போல் ஒட்டப்படுகிறது. சீட்டுப் பெற்றதைப் புரோட்டியசோம் என்னும் அமைப்பு துண்டாக்குகிறது. இதைக் கண்டறிந்த சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் பரிசு அளிக்கப்பட்டது. தோலணு பழையதானால் உதிர்ந்து புதியது தோன்றும். முதிர்ந்த நரம்பணு பிரிந்து பெருகுவதில்லை. மனிதனின் வாழ்நாள் முழுவதும் அதே அணுதான் பணியாற்ற வேண்டும். எனவே தன் கழிவைத் தானே அகற்றிக்கொள்ளாத நரம்பணுவுக்கு மீட்சியில்லை. இவ்வகற்றும் வேலைக்கு ஆற்றல் செலவாகிறது என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

ஒழுங்கான இச்சிதைவுக்கு மாறாக, நரம்பு பழுதுறும்போது நேர்வது ஒழுங்கற்ற சிதைவு. 1850-இல் அகஸ்டஸ் வாலர் என்னும் ஆங்கிலேயர் தவளையின் நாக்கு நரம்பை வெட்டி, அணுவின் உடலிலிருந்து பிரிந்துபோன பகுதி சிதைந்தழிவதைக் காட்டினார். பழுதுற்ற இழையினுள் கால்சியம் புகுகிறது. அது கால்பெயின் என்னும் நொதியைத் தூண்டுகிறது. அந்நொதி இழையின் சட்டகப் புரதங்களை வெட்டுகிறது. சட்டகம் குலைந்தபின் சரக்குப் போக்குவரத்தும் இல்லை, நரம்புத் துடிப்பும் இல்லை. தசை தளர்கிறது அல்லது விறைக்கிறது, உணர்வு மங்குகிறது. கைகால் நரம்புகளாயின் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் அளவில் மீண்டும் வளர வாய்ப்புண்டு. மூளையிலும் தண்டுவடத்திலும் அவ்வாய்ப்பு ஏறத்தாழ இல்லை.

மூன்றாவதொரு சிதைவும் உண்டு. உணவில் புரதம் குறையுமானால் உடல் தன் தசைப் புரதத்தையே உடைத்து அமினோ அமிலங்களைப் பெற்றுக்கொள்கிறது. கிழங்கின் கதையில் இம்மூன்றும் ஒன்றோடொன்று பிணைகின்றன.

கிழங்கின் நஞ்சும் கந்தகமும்

மரவள்ளியில் லினமாரின் என்னும் பொருள் உள்ளது. கிழங்கின் திசு நசுங்கும்போது, அதிலேயே உள்ள ஒரு நொதி லினமாரினை உடைத்து இறுதியில் ஹைட்ரஜன் சயனைடை வெளியிடுகிறது. சதையைவிடத் தோலில் இப்பொருள் மிகுதி. சயனைடு, அணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஆற்றல் ஆக்கும் மைட்டோகாண்டிரியாவின் முக்கிய நொதியொன்றை முடக்குகிறது. மேலே கூறிய சரக்குப் போக்குவரத்தும் கழிவகற்றலும் அவ்வாற்றலை நம்பியே நடைபெறுகின்றன.

சிறு அளவான சயனைடை உடல் தானே மாற்றிவிடும் திறனுடையது. ரோடனேசு என்னும் நொதி அதனுடன் கந்தகத்தைச் சேர்த்துத் தயோசயனேட்டாக்குகிறது. அது சிறுநீரில் வெளியேறுகிறது. அக்கந்தகம் வருமிடம் மெத்தியோனின், சிஸ்டீன் ஆகிய இரு அமினோ அமிலங்கள். இங்குதான் கிழங்கின் இரட்டைத் தீங்கு வெளிப்படுகிறது. நஞ்சைத் தருவதும் அது. அதை முறிக்கும் அமினோ அமிலங்கள் மிகக் குறைந்திருப்பதும் அதிலேயே. கிழங்கையே நம்பி வாழும் உடல், புரதம் கட்டுவதற்கென்றிருந்த கந்தகத்தைச் சயனைடை வெளியேற்றச் செலவிடுகிறது. வரவில்லாத குடும்பம் விதைநெல்லை விற்பதைப் போன்றது இது.

கந்தகமும் தீர்ந்தால் சயனைடின் ஒரு பகுதி சயனேட்டாக மாறுவதைப் புரதக்குறைவான தீனி பெற்ற எலிகளில் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். சயனேட் புரதங்களுடன் ஒட்டி அவற்றின் இயல்பைத் திரிப்பது. 1970-களில் அரிவாளணு இரத்தசோகைக்கு மருந்தாகச் சோடியம் சயனேட் கொடுத்துப் பார்க்கப்பட்டபோது, நோயாளிகள் சிலருக்குக் கைகால் நரம்புகள் பழுதுற்றமையால் அம்மருத்துவமே கைவிடப்பட்டது.

மீன் இச்சங்கிலியைப் பல இடங்களில் அறுக்கிறது. நூறு கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதமும், அதில் போதிய மெத்தியோனினும் தருகிறது. நரம்புறைகளுக்கு இன்றியமையாத வைட்டமின் பி12 மீனில் உண்டு. கடல்மீனில் அயோடினும் உண்டு. தயோசயனேட் தைராய்டு சுரப்பிக்கு அயோடின் சேர்வதைத் தடுப்பதாகையால் இதுவும் பயனுடையதே. பயறு வகைகளில் மெத்தியோனின் குறைவு. ஆயினும் வெறுங்கிழங்கைவிடப் பயறு சேர்ந்த கிழங்கு மேலானது. எள்ளில் மெத்தியோனின் சற்று மிகுதி.

வெளிநாட்டு அனுபவம்

இவை வெறும் ஆய்வுக்கூடச் செய்திகள் அல்ல. காங்கோவில் 1938-லேயே மருத்துவர் டிரோல்லி விவரித்த கொன்சோ என்னும் நோய், ஒரே நாளில் கால்களை விறைக்கச் செய்து வாழ்நாள் முழுவதும் முடமாக்குவது. அந்நாட்டு மொழியொன்றில் கட்டுண்ட கால்கள் என்பதே அச்சொல்லின் பொருள். 1981-இல் மொசாம்பிக்கின் நம்புலா மாகாணத்தில் கடும் வறட்சி ஏற்பட்டது. கசப்புக் கிழங்கைத் தவிர வேறு பயிர் நிற்கவில்லை. வறட்சியால் அதன் நஞ்சும் மிகுந்தது. பசியின் அவசரத்தில் நெடுநாள் உலர்த்தும் வழக்கமும் கைவிடப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கால் முடங்கினர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் என்பது குறிப்பிடத்தக்கது. வீட்டில் கிடைக்கும் சிறிது புரதம் யார் தட்டில் விழுகிறது, யார் தட்டில் விழுவதில்லை என்பதும் இத்தகைய நோய்களில் ஆராயத்தக்கது. கொன்சோவில் பழுதுறுபவை மூளையிலிருந்து தண்டுவடம் வழியே இறங்கும் நீண்ட இயக்க இழைகள்.

நைஜீரியாவில் 1960-களில் மருத்துவர் ஒசுந்தோக்குன் விவரித்தது மெதுவாக வளரும் வேறொரு நோய். பாதம் எரிதல், மரத்தல், இருட்டில் நடை தள்ளாடுதல், பார்வையும் செவிப்புலனும் மங்குதல் ஆகியவை அதன் குறிகள். அந்நோயாளிகளின் இரத்தத்தில் தயோசயனேட் மிகுந்தும் கந்தக அமினோ அமிலங்கள் குறைந்தும் இருப்பதை அவர் கண்டார். பின்னாளைய ஆய்வுகள் சில கிழங்கு மட்டுமே காரணமென்பதில் ஐயம் எழுப்பியுள்ளன.

கொன்சோ ஆப்பிரிக்காவுக்கு வெளியே பதிவானதில்லை. ஒசுந்தோக்குன் விவரித்த வகை நரம்பு நோயோ கேரளத்திலும் காணப்பட்டுள்ளது. அந்நோயாளிகளைக் குறித்த ஆய்வொன்று 2008-இல் ஐரோப்பிய நரம்பியல் இதழொன்றில் வெளியாயிற்று. கிழங்கைக் குற்றக்கூண்டில் ஏற்றுவதில் எச்சரிக்கையும் தேவை. கேரளத்தில் ஒருகாலத்தில் மிகுந்திருந்த கணையக்கல் நோய்க்கும் மரச்சீனியே காரணமென நெடுநாள் கருதப்பட்டது. பிந்தைய ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை, மரபணுக் காரணங்கள் முன்னுக்கு வந்துள்ளன.

நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உறவுடையது கேசரிப் பருப்பின் கதை. மத்தியப் பிரதேசத்தின் ரேவா, சத்னா பகுதிகளில் பண்ணையாட்களுக்குக் கூலியாகவே அப்பருப்பு அளக்கப்பட்டது. கால் முடங்கியோர் பெரும்பாலும் அவர்களே. அதன் நரம்பு நஞ்சை 1964-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ராவ், அடிகா, சர்மா ஆகியோர் பிரித்தெடுத்தனர். நஞ்சு பருப்பில் இருந்தது. அதை நாள்தோறும் உண்ணச் செய்தது கூலிமுறை.

அடுப்பில் உள்ள காப்பு

ஆப்பிரிக்காவில் நேர்ந்தது கேரளத்தில் நேராமைக்குக் காரணங்கள் பல. வீட்டுத் தேவைக்கெனப் பயிரானவை பெரும்பாலும் நஞ்சு குறைந்த வகைகள். மலேயாவிலிருந்து வந்த எம்-4 அவற்றுள் சுவைக்குப் பெயர்பெற்றது. 1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் நிறுவப்பட்ட மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் மேம்பட்ட வகைகளை வெளியிட்டது. விசாகம் திருநாளின் பெயரால் வழங்கும் ஸ்ரீவிசாகம் அவற்றுள் ஒன்று. 1960-களின் நடுப்பகுதியில் விரிவடைந்த நியாயவிலைக் கடைகள் அரிசியை வீடுதோறும் சேர்த்தன.

இவற்றினும் பழமையானது சமையல்முறை. தோலை முழுவதும் நீக்கி, துண்டாக நறுக்கி, நிறைந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டிவிடுவது கேரள வழக்கம். லினமாரின் நீரில் கரைவது. துண்டு சிறிதாகவும் நீர் மிகுதியாகவும் இருக்குமளவுக்கு அது கழியும் என்பதை ஸ்ரீகாரியம் ஆய்வுகளும் காட்டின. எரிபொருளும் நீரும் பற்றாக்குறையான வீட்டில் பெரிய துண்டுகள் சிறிது நீரில் வேகும். அங்கு இக்காப்பு தளர்கிறது. நசுக்கி வெயிலில் உலர்த்தினால் நஞ்சு ஏறக்குறைய முழுவதும் நீங்கும். ஆனால் தடித்த வில்லைகளாக உலர்த்தும்போது அவ்வளவு நீங்குவதில்லை. மரவள்ளி மாவில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்பது பன்னாட்டு உணவுத் தர வரம்பு.

மீனின் விலை

எஞ்சியுள்ள காப்பு மீன். அதன் நிலையே கவலைக்குரியது. கேரளத்தில் சாளை மீன்வரத்து 2012-இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன்னாக இருந்தது. 2021-இல் 3,297 டன்னாகச் சரிந்தது என மத்தியக் கடல்மீன்வள ஆராய்ச்சி நிலையம் கணக்கிட்டது. சாளையே கேரள ஏழையின் புரதம். அதன் வரத்து ஆண்டுக்காண்டு ஏறியிறங்குவது இயற்கைதான் எனினும், இறங்கும் ஆண்டுகளில் விலை ஏறுகிறது. மலிவான சிறுமீனுக்கு மீன்தூள் ஆலைகளும் போட்டியிடுகின்றன. விழிஞ்ஞத்தில் இறங்கும் கணவாய் போன்றவற்றுக்கு ஏற்றுமதிச் சந்தை உண்டு. மீனவருக்கு நல்விலை கிடைப்பது வரவேற்கத்தக்கதே. அவர் வருவாயைக் குறைத்து மற்றவருக்குப் புரதம் வழங்குவது நியாயமன்று. ஆனால் விலையேறியபோது ஏழைக் குடும்பம் எதை விடும், எதை வைத்துக்கொள்ளும் என்பதைத் திட்டமிடுவோர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். கிழங்கு நிற்கும், மீன் போகும். கலோரிக் கணக்கில் இம்மாற்றம் தெரியவே தெரியாது. நரம்பிழையின் கடைக்கோடியில் அது பதியக்கூடும், அதுவும் மெல்ல.

ஆரம்ப சுகாதார நிலையத்திற்குப் பாதம் எரிகிறதென்று வரும் முதியவருக்கு நீரிழிவா, தொழுநோயா, பி12 குறைவா என்று ஆராய்வதே முறை, இவையே மிகுதியானவை. இசைக்கவையைக் கணுக்காலில் வைத்து அதிர்வுணர்வு உண்டா என்று பார்ப்பதும், கண்ணை மூடி நிற்கச் சொல்வதும் எளிய சோதனைகள். அத்துடன் அவர் நாள்தோறும் என்ன உண்கிறார் எனக் கேட்பதற்குச் செலவில்லை. குடும்ப உணவு ஆய்வுகளுக்கும் இது பொருந்தும். வாரத்தில் எத்தனை கிலோ கிழங்கு வாங்கப்பட்டது, எத்தனை கிலோ மீன் வாங்கப்பட்டது என இரு தனிப் பத்திகளில் பதிவதோடு நின்றால், மீன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் சமைக்கப்பட்டதா, வீட்டுப் பெண்களின் தட்டுக்கும் அது வந்ததா என்பவை விடுபட்டுப்போகும். ஒவ்வொரு வேளையும் கிழங்கை எதனுடன், யார் உண்டனர் என்பதற்கு அப்படிவத்தில் ஒரு பத்தி சேர்க்கப்படல் வேண்டும்.